கட்டுவதற்கு முன் கேளுங்கள்: கொடிய நோய்க்கு எந்த அரசு உதவி?

ஈரோட்டுப் பக்கம் எங்கள் தெருவில் விசைத்தறி ஓட்டும் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சள் பையோடு வாசலில் வந்து நின்றார். பை நிறைய ரசீதுகள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அவருடைய தம்பிக்கு இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாளாகியிருந்தது. நகையை அடகு வைத்தும், வட்டிக்கு வாங்கியும், தறி முதலாளியிடம் முன்பணம் பெற்றும் 2,80,000 ரூபாய் கட்டியிருந்தார்கள். "அண்ணா, நீங்கள் தாலுகா ஆபீஸில் இருந்தவர். ஏழைகளுக்கு அரசு உதவி இருக்கிறது என்கிறார்களே, இதில் எவ்வளவு திரும்ப வரும்?" என்று கேட்டார்.

பையைப் பிரிக்காமலே பதில் சொல்லிவிடலாம். அநேகமாக ஒரு ரூபாய்கூட வராது. மாநிலத்தின் காப்பீடு, டெல்லியின் நிதிகள், பிரதமர் பெயரில் உள்ள நிதி எல்லாவற்றுக்கும் இந்த ஒரு விதி பொது: செலவழித்து முடித்த பணத்தைத் திருப்பித் தருவதில்லை. பணம் நோயாளியின் கைக்கும் வராது. மருத்துவமனையின் கணக்குக்குத்தான் போகும். ஆக, ரசீது சேர்ப்பதில் பயனில்லை. கட்டுவதற்கு முன் கேட்க வேண்டும். இது தெரியாததால் கடனாளியான குடும்பங்களை வருவாய்த் துறையில் இருந்த நாட்களில் நிறையவே பார்த்திருக்கிறேன். வருமானச் சான்று கேட்டு வருவார்கள். எதற்கு என்று விசாரித்தால் ஆபரேஷன் போன மாதமே முடிந்திருக்கும்.

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றோ, சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்றோ மருத்துவர் சொன்ன நாளில், நம்முன் உள்ள வழிகள் எவை, எதை முதலில் தட்டுவது, எதைத் தட்டினால் இன்னொன்று மூடிக்கொள்ளும் என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன். எந்தத் திட்டம் எத்தனை லட்சம் தருகிறது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி அவ்வளவு முக்கியமாகத் தோன்றவில்லை. அறுவை சிகிச்சைத் தேதிக்கு முன், நாம் படுத்திருக்கும் அந்த மருத்துவமனைக்கு, அந்தப் பணம் வந்து சேருமா? 15 லட்சம் தரக்கூடிய நிதி மூன்று மாதம் கழித்து வருவதைவிட, நாளைக் காலை கிடைக்கும் 2 லட்சத்துக்கான அனுமதி பெரிது.

அரசு மருத்துவமனை: யாரும் கணக்கில் சேர்க்காத முதல் வழி

உதவித் திட்டங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எல்லோரும் மறந்துவிடுவது இதைத்தான். அட்டை இல்லை, வருமானச் சான்று இல்லை, சிபாரிசுக் கடிதம் இல்லை. புறநோயாளிச் சீட்டு போதும். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனை, 2023 ஜூனில் கிண்டியில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை, மதுரை ராஜாஜி மருத்துவமனை ஆகிய இடங்களில் இதய அறுவை சிகிச்சையும் டயாலிசிஸும் புற்றுநோய்க்கான கீமோதெரபியும் அன்றாடம் நடக்கின்றன. உறுப்பு மாற்று சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் நடக்கிறது. 2008 முதல் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாட்டை ஒழுங்காக நடத்திவரும் மாநிலம் இது.

இங்கே பணத்துக்குப் பதிலாக நாம் கொடுப்பது நேரத்தை. வரிசை நீளம், படுக்கை குறைவு, துணைக்கு இருப்பவர் தரையில் படுக்க வேண்டும். மூன்று வாரம் காத்திருந்தால் நோய் முற்றாது என்று மருத்துவர் சொல்கிறாரா? அப்படியானால் காத்திருப்பதே மிகச் சிக்கனமான முடிவு. காத்திருக்க முடியாத நோய் என்றால் அடுத்த வழிக்கு நகர வேண்டும். இந்தக் கேள்வியை மருத்துவரிடம் நேராகக் கேட்கத் தயங்குகிறோம். கேட்டால் சொல்வார்கள்.

ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். "அரசு ஆஸ்பத்திரியில் எல்லாம் இலவசம்தானே, பிறகு எதற்குக் காப்பீட்டு அட்டை கேட்கிறார்கள்?" என்று பலர் கோபப்படுவார்கள். அட்டையைக் கொடுத்தால் அந்தச் சிகிச்சைக்கான தொகை காப்பீட்டிலிருந்து அந்த மருத்துவமனைக்கே வருகிறது. வால்வு, ஸ்டென்ட் போன்ற விலை உயர்ந்த பொருள்களை வாங்க அது கைகொடுக்கிறது. அட்டை கையில் இருக்குமானால் கொடுத்துவிடுங்கள்.

முதலமைச்சரின் காப்பீடு: வேகம் இங்கேதான்

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்தது இது. ஆட்சிகள் மாறியும் பெயர் மாறியும் நின்று நிலைத்த திட்டங்களுள் ஒன்று. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2022க்கு முன் இந்த வரம்பு 72,000 ஆக இருந்தது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு இல்லை.

எழுபத்திரண்டாயிரம் என்ற அந்தக் காலத்தில், "எழுபத்தொன்று என்று எழுதிக் கொடுங்கள் ஐயா" என்று கெஞ்சியவர்கள் எத்தனையோ பேர். இப்போதைய வரம்பும் தாராளமானது அல்ல. மாதம் பத்தாயிரம்தான் வருகிறது. கணவன் மனைவி இருவரும் மில்லுக்குப் போகும் வீடு எதுவும் நேர்மையாகக் கணக்கிட்டால் இதைத் தாண்டிவிடும். ஏழைக்கும் நடுத்தர வர்க்கத்துக்கும் இடையில் சிக்கியவர்கள் நம் ஊரில் கணிசமானவர்கள். அவர்களை இந்தக் கோடு வெளியே நிறுத்துகிறது.

அட்டை எடுப்பது சிரமமான வேலை அல்ல. ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் வேலை முடிந்துவிடும். நோய் வந்த பிறகும் எடுக்கலாம். தனியார் காப்பீட்டைப் போல "ஏற்கெனவே இருந்த நோய்" என்று தள்ளிவிட மாட்டார்கள்; காத்திருப்புக் காலமும் இல்லை. ஆயுள் காப்பீட்டு முகவர்களின் பேச்சைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது நம்பமுடியாததாக இருக்கும். ஆனாலும் உண்மை அதுதான்.

இந்தத் திட்டத்தின் பலம் வேகம். பட்டியலில் உள்ள மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவு, சிகிச்சை விவரங்களை இணையத்தில் ஏற்றி முன் அனுமதி கேட்கும். டெல்லிக்குக் கோப்பு போக வேண்டியதில்லை, எம்.பி.யைப் பார்க்க வேண்டியதில்லை. அனுமதி வந்ததும் சிகிச்சை. தனியார் மருத்துவமனையிலும் செல்லுபடியாகும் என்பது இரண்டாவது பலம்.

பலவீனங்களும் உண்டு. முதலாவது, மருத்துவமனை பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. உங்கள் நோய்க்கான பிரிவும் பட்டியலில் இருக்க வேண்டும். எலும்பு முறிவுக்கு அனுமதி பெற்ற மருத்துவமனையில் இதயத்துக்குப் போய் நின்றால் அட்டை வேலை செய்யாது. சேர்வதற்கு முன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது, ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு தொகுப்புத் தொகை உண்டு. 5 லட்சம் என்பது கூரை. அந்தச் சிகிச்சைக்கு வகுத்த தொகைதான் மருத்துவமனைக்குப் போகும். அதற்கு மேல் நோயாளியிடம் வாங்கக் கூடாது என்பதே விதி. நடப்பு வேறு. என் உறவினர் ஒருவருக்கு ஒரு தனியார் மருத்துவமனையில், "திட்டத்தில் வருவது சாதாரண வால்வு; நல்ல கம்பெனி வால்வு வேண்டுமென்றால் எண்பதாயிரம் மேலே கட்டுங்கள்" என்றார்கள். எழுதித் தரச் சொன்னேன். எழுதித் தரவில்லை, எண்பதாயிரமும் கேட்கவில்லை. வாயால் கேட்கும் பணத்துக்கு எழுத்தால் ரசீது கேட்பது நல்ல மருந்து.

மூன்றாவது, படுக்கையில் சேராத செலவு. ஆயுஷ்மான் விதிப்படி சேர்வதற்கு முந்தைய 3 நாள், வீட்டுக்கு அனுப்பியபின் 15 நாள் வரையிலான மருந்தும் பரிசோதனையும் தொகுப்பில் அடங்கும். அதற்கு அப்பால் மாதாமாதம் வாங்கும் மாத்திரை, வண்டிக் கூலி, துணைக்கு இருப்பவரின் சாப்பாடு எல்லாம் நம் தலையில். தமிழ்நாட்டுத் திட்டத்தில் சில நோய்களுக்குத் தொடர் சிகிச்சைக்கென்று தனித் தொகுப்புகள் உண்டு. 2012இல் தொடங்கியபோதே 1,016 சிகிச்சைகளோடு 113 தொடர் சிகிச்சைகளும் பட்டியலில் இருந்தன. நம்மவர்கள் டிஸ்சார்ஜ் ஆன சந்தோஷத்தில் இதைக் கேட்காமலே வந்துவிடுவார்கள்.

கல்லீரல் மாற்று, எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற பெருஞ்செலவு சிகிச்சைகளுக்கு 5 லட்சம் போதாது என்பது அரசுக்கும் தெரியும். அவற்றுக்காக இத்திட்டத்துக்குள்ளேயே தனியாக ஒரு தொகுப்பு நிதி (கார்ப்பஸ் ஃபண்ட்) இருக்கிறது. "ஐந்து லட்சத்துக்கு மேல் ஆகும், அட்டை செல்லாது" என்று மருத்துவமனையில் யாராவது சொன்னால், அந்த நிதியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

டெல்லியின் நிதி: தொகை பெரிது, வாசல் குறுகல்

மத்திய சுகாதார அமைச்சகம் 1997இல் தேசிய நோய் உதவி நிதி என்று ஒன்றை ஏற்படுத்தியது. இன்று அதன் பெயர் ராஷ்ட்ரிய ஆரோக்ய நிதி. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு, இதயம், சிறுநீரகம், கல்லீரல் முதலான உறுப்புகளைத் தாக்கி உயிருக்கு உலைவைக்கும் நோய் வந்தால், ஒரே முறை மானியமாக அதிகபட்சம் 15 லட்சம் ரூபாய் வரை. புற்றுநோய்க்கு இதன் கீழேயே சுகாதார அமைச்சரின் புற்றுநோயாளர் நிதி என்று தனிக் கிளை 2009 முதல் இருக்கிறது. உச்சவரம்பு அதே 15 லட்சம்.

தொகையைக் கேட்டதும் காப்பீட்டை விட்டுவிட்டு இதற்கு ஓடலாம் என்று தோன்றும். ஓடாதீர்கள். நிபந்தனைகளைப் பாருங்கள்.

தனியார் மருத்துவமனையில் செல்லாது. அரசு மருத்துவமனையிலோ, புற்றுநோய் என்றால் அங்கீகரிக்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்திலோ சிகிச்சை பெற வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் வகுக்கப்பட்ட வறுமைக் கோடு, நம் காப்பீட்டின் வருமான வரம்பைவிட இறுக்கமானது. அரசு ஊழியர், பொதுத்துறை ஊழியர் குடும்பங்களுக்குக் கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது: ஆயுஷ்மான் திட்டத்தில் இடம்பெற்ற குடும்பமாக இருந்தால், அந்தத் திட்டத்தின் தொகுப்புகளில் வராத சிகிச்சைக்கு மட்டும்தான் இங்கே மனுப் போடலாம். அட்டையும் வைத்துக்கொண்டு, அதே அறுவை சிகிச்சைக்கு இந்த நிதியையும் கேட்க முடியாது. ஒரு கதவைத் தட்டினால் இன்னொன்று மூடிக்கொள்ளும் என்றேனே, அது இதுதான்.

அப்படியானால் இந்த நிதி யாருக்கு? என் கணிப்பில் இரண்டு வகையினருக்கு. வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருந்தும் எந்த அட்டையிலும் பெயர் இல்லாதவர்கள். அட்டை இருந்தும், மருத்துவர் எழுதிய சிகிச்சை எந்தத் தொகுப்பிலும் இல்லாதவர்கள்; ரத்தப் புற்றுநோய்க்குப் புதிதாக வந்த விலை உயர்ந்த மருந்துகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டாம் வகையினர், "இந்தச் சிகிச்சை திட்டத் தொகுப்பில் இல்லை" என்று மருத்துவமனையிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு மனுவோடு இணைக்க வேண்டும். அந்த ஒரு தாள் இல்லாமல் போன மனு, கேள்விக் குறியோடு திரும்பி வரும்.

இனி வேகம். இங்கே எந்த மருத்துவமனையில் படுத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கதை தலைகீழாக மாறும். புதுச்சேரி ஜிப்மர், பெங்களூர் நிம்ஹான்ஸ், டெல்லி எய்ம்ஸ் போன்ற மத்திய நிறுவனங்களிடம் சுழல் நிதி என்று ஒரு தொகையை அமைச்சகம் முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கிறது. 5 லட்சம் வரை அந்த மருத்துவமனையே அனுமதித்துவிடலாம். அதற்கு மேல்தான் டெல்லிக்கு எழுத வேண்டும். மண்டலப் புற்றுநோய் மையங்களுக்கும் இதே ஏற்பாடு. தமிழ்நாட்டில் அடையாறு புற்றுநோய் நிலையமும் காஞ்சிபுரம் அறிஞர் அண்ணா நினைவு புற்றுநோய் மருத்துவமனையும் அந்தப் பட்டியலில் உள்ளவை. அடையாறு நிலையம், 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய அறநிறுவனம். அரசு மருத்துவமனை அல்லாவிட்டாலும் மண்டல மையம் என்ற தகுதியால் இந்த நிதி அங்கே செல்லும்.

சுழல் நிதி இல்லாத மாவட்ட அரசு மருத்துவமனையிலிருந்து மனு போனால், அது டெல்லி வரை சென்று, குழுவின் பார்வைக்குப் போய், ஒப்புதல் பெற்று, பணம் மருத்துவக் கண்காணிப்பாளரின் பெயருக்கு வர வேண்டும். கோப்பு நகரும் விதம் எனக்குத் தெரியும், நான் நகர்த்தியவன். ஒரு கையெழுத்து விட்டுப்போனால் ஒரு மாதம் போயிற்று. ஆகவே, நோய் அனுமதிக்குமானால், விழுப்புரம், கடலூர் பக்கத்துக்காரர்கள் இந்த நிதியை நம்புவதற்கு முன் ஜிப்மருக்கு மாறிவிடுவதே புத்திசாலித்தனம். படிவத்தில் சிகிச்சை தரும் மருத்துவரின் கையெழுத்தும் கண்காணிப்பாளரின் மேலொப்பமும் வேண்டும். கூடவே வருமானச் சான்று, ரேஷன் அட்டை நகல், ஆதார் நகல்.

வருமானச் சான்றைப் பற்றி ஒரு வார்த்தை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் பார்வைக்குப் பின் வட்டாட்சியர் நிலையில் கிடைக்கும் சான்றை வாங்குங்கள். கிராம நிர்வாக அலுவலர் மட்டும் கையெழுத்திட்ட தாள் ஓரிடத்தில் செல்லும், இன்னோரிடத்தில் செல்லாது. வட்டாட்சியர் சான்று எங்கேயும் செல்லும். நோய் என்று தெரிந்த அன்றே இதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும். எந்த வழியில் போவது என்று பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.

அமைச்சர், பிரதமர், முதல்வர் பெயரிலான நிதிகள்

இவை மூன்றும் உரிமை அல்ல, கருணை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் குறையும். காப்பீட்டில் தகுதி இருந்தால் மறுக்க முடியாது. மறுத்தால் புகார் செய்யலாம். இங்கே கொடுப்பதும் மறுப்பதும் கொடுப்பவர் விருப்பம்.

சுகாதார அமைச்சரின் விருப்புரிமை மானியம் சிறிய தொகை: அதிகபட்சம் 1,25,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானமும் 1,25,000க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இதுவும் அரசு மருத்துவமனைக்கு மட்டும், இதுவும் ஒரே முறை. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்காத ஒரு கருவியோ மருந்தோ வெளியே வாங்க வேண்டியிருக்கிறது, ஒரு லட்சம் துண்டு விழுகிறது என்ற நிலைக்கு இது பொருந்தும். பெரிய நோய்க்கு இதை முதன்மையாக நம்புவது, ஏரி வறண்டபின் குடம் கொண்டு நிரப்புவது போல.

பிரதமரின் தேசிய நிவாரண நிதி வேறு மாதிரி. பிரிவினையில் அகதியாக வந்தவர்களுக்காக 1948 ஜனவரியில் நேருவின் வேண்டுகோளால் தொடங்கியது. அரசின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து ஒரு காசும் இதற்குப் போவதில்லை. முழுக்க மக்களின் நன்கொடை. இன்று இதய அறுவை சிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் சிகிச்சைக்கும் செலவில் ஒரு பகுதியைத் தருகிறது. அரசு மருத்துவமனை மட்டுமல்லாமல், இந்த நிதியின் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கும் செல்லும் என்பதுதான் இதன் தனிச் சிறப்பு. வருமானம் 1,20,000ஐக் கொஞ்சம் தாண்டிவிட்டதால் காப்பீட்டிலிருந்து வெளியே நிற்கும் குடும்பம், தனியார் மருத்துவமனையில்தான் சிகிச்சை என்று முடிவாகிவிட்ட குடும்பம், இதைக் கட்டாயம் முயல வேண்டும்.

நோயாளியின் இரண்டு புகைப்படங்கள், முகவரிச் சான்று நகல், வருமானச் சான்று நகல், நோயின் வகையையும் உத்தேசச் செலவையும் குறிப்பிட்ட மருத்துவச் சான்றின் அசல் ஆகியவற்றோடு பிரதமர் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். தொகுதி எம்.பி.யின் பரிந்துரைக் கடிதத்தோடு அனுப்புவது வழக்கம். கடிதம் வாங்குவது நினைப்பதைவிட எளிது, எம்.பி. அலுவலகங்களில் இதற்கென்றே ஆள் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு வரும் என்பதை மட்டும் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மூன்று லட்சம் கேட்டவருக்கு ஐம்பதாயிரம் வரலாம், வராமலும் போகலாம். ஆகவே இது மீதத் தொகைக்கான வழி, முதல் தொகைக்கான வழி அல்ல.

முதலமைச்சரின் பொது நிவாரண நிதியும் இதே குணம் உடையதுதான். திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவால் ஆட்சியரின் விருப்புரிமை நிதியிலிருந்து சிறு உதவி கிடைப்பதும் உண்டு. கேட்டுப் பார்ப்பதில் குற்றமில்லை. ஆனால் அந்த வரிசையில் நின்றே ஒரு மாதத்தைக் கழித்துவிடாதீர்கள்.

நோய்க்கு ஏற்ற வழி

திட்டத்தை வைத்து நோயைப் பார்ப்பதைவிட, நோயை வைத்துத் திட்டத்தைப் பார்ப்பது தெளிவு தரும்.

வால்வு மாற்று, பைபாஸ் போல ஒரே அறுவை சிகிச்சையில் பெரும்பகுதி முடிந்துவிடும் நோய்க்குக் காப்பீடே போதும். டெல்லிக்கு எழுதத் தேவையில்லை.

சிறுநீரகம் அப்படியல்ல. வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ், பிறகு மாற்று சிகிச்சை, அதன்பின் வாழ்நாள் முழுக்க, உடல் அந்த உறுப்பை நிராகரிக்காமல் இருக்க மாத்திரை. இதற்கு "ஒரே முறை மானியம்" என்ற நிதி எவ்வளவு பெரிதானாலும் பொருந்தாது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் காப்பீடுதான் பொருந்தும். மாற்று சிகிச்சை செய்யும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, பின்னாளில் மாத்திரை அங்கே இலவசமாகக் கிடைக்குமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே, தனியார் மருத்துவமனை இலவசமாகவே செய்து தருகிறேன் என்றாலும் நான் அரசு மருத்துவமனையைத்தான் சொல்வேன். மாத்திரையை நிறுத்தியதால் மாற்றிய சிறுநீரகத்தை இழந்தவர்களின் கதை ஒவ்வொரு டயாலிசிஸ் அறையிலும் ஒன்றாவது இருக்கிறது.

புற்றுநோய்தான் கணக்குப் போடக் கடினமானது. அறுவை, கதிர்வீச்சு, கீமோ என்று மாதக்கணக்கில் இழுக்கும். இரண்டு காப்பீட்டு ஆண்டுகளைத் தொடும். இங்கே நான் சொல்வது, தொடக்கத்திலேயே மண்டலப் புற்றுநோய் மையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள் என்பதே. தொகுப்பில் உள்ளவை காப்பீட்டில் ஓடும்; தொகுப்பில் இல்லாத மருந்து வந்தால் புற்றுநோயாளர் நிதிக்கு அங்கிருந்தே மனுப் போகும், சுழல் நிதியும் அங்கேயே இருக்கும். உள்ளூர் தனியார் மருத்துவமனையில் தொடங்கிவிட்டுப் பாதியில் மாறினால், புதிய இடத்தில் பரிசோதனைகளை முதலிலிருந்து செய்யச் சொல்லலாம்.

குழந்தைகளின் அரிய மரபணு நோய்கள் தனி உலகம். 2021 மார்ச்சில் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையின்படி முதலில் சில நோய்களுக்கு 20 லட்சம் ரூபாய் என்று இருந்தது. 2022இல் அட்டவணையில் உள்ள எல்லாப் பிரிவினருக்கும் 50 லட்சம் வரை என்று உயர்த்தினார்கள். வறுமைக் கோட்டு நிபந்தனை இதற்குக் கிடையாது. ஆனால் உயர் சிறப்பு மையம் என்று அறிவிக்கப்பட்ட மருத்துவமனை வழியாகத்தான் போக வேண்டும். பெங்களூர் இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவமனையோடு இணைந்த மையம், திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனை ஆகியவை நமக்குப் பக்கத்தில் உள்ளவை. முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு நோய்க்கான ஓர் ஊசியின் விலை 16 கோடி ரூபாய் என்பதை எல்லோரும் படித்திருப்போம். அதன் முன் 50 லட்சம் என்ன செய்யும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆயினும் ஆண்டுக்குச் சில லட்சங்களில் கட்டுப்படும் அரிய நோய்களும் உண்டு; அந்தப் பெற்றோர் இந்தக் கதவை அறியாமலே பொதுமக்களிடம் கையேந்துகிறார்கள்.

மஞ்சள் பையில் இருந்த இன்னொரு தாள்

மேலே சொன்ன எந்தத் திட்டமும் வீட்டுக்கு அரிசி வாங்கித் தராது. நோயாளியே சம்பாதிப்பவராக இருந்தால், ஆபரேஷன் இலவசமாக முடிந்தாலும் குடும்பம் மூன்று மாதம் எதைத் தின்னும்? கிராமத்தில் விவசாயியோ விவசாயக் கூலியோ ஆனால், உழவர் பாதுகாப்புத் திட்டத்தின் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். புற்றுநோய், காசநோய், சிறுநீரகச் செயலிழப்பு போன்றவற்றால் வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு அதில் மாத உதவித்தொகை உண்டு.

கம்பெனித் தொழிலாளி என்றால் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000க்குள் உள்ளவர்களுக்கு அவர்கள் பங்காக 0.75 விழுக்காடும் முதலாளி பங்காக 3.25 விழுக்காடும் செலுத்தப்படுகிறது. பதிலுக்கு, தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை. உயர் சிகிச்சை தேவைப்பட்டால் ஒப்பந்தம் செய்துள்ள பெரிய மருத்துவமனைக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனையே பரிந்துரைத்து அனுப்பும். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை. புற்றுநோய், காசநோய் உள்ளிட்ட 34 நீண்டகால நோய்களுக்கு, இரண்டாண்டு பணியில் இருந்தவர்களாக இருந்தால், 80 விழுக்காடு ஊதியம் இரண்டாண்டு வரை. நான் ஒப்பிட்ட எல்லாவற்றிலும் நோயாளியின் கைக்கே பணம் தருவதில் இதுதான் முதல். ஏழைகளுக்கான உதவி என்று யாரும் இதைச் சொல்வதில்லை. சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்ற எரிச்சலோடு சரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தபோது, இடையில் ஒரு சம்பளச் சீட்டு வந்தது. தம்பியின் சம்பளம் 16,000 ரூபாய். ஆண்டுக்கு 1,92,000, முதலமைச்சர் காப்பீட்டு வரம்பைத் தாண்டிவிட்டது. ஆனால் சீட்டின் பிடித்தக் கட்டத்தில் இ.எஸ்.ஐ. 120 ரூபாய் என்று இருந்தது. நான்கு வருடமாக மாதாமாதம் பிடித்திருக்கிறார்கள். "இது என்ன பிடித்தம் என்று தம்பி கேட்டதில்லையா?" என்றேன். "கம்பெனியில் ஏதோ பிடிக்கிறார்கள் என்பான்" என்றார்.

முன்பே இ.எஸ்.ஐ.க்குப் போயிருந்தால் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் கட்டியிருக்க வேண்டாம் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அவருக்கே புரிந்துவிட்டது. சீட்டைச் சட்டைப்பையில் தனியாக மடித்து வைத்துக்கொண்டார். தம்பி இன்னும் இரண்டு மாதம் வேலைக்குப் போகக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளையும் தேடி எடுத்து அதோடு சேர்த்தார். திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் திருப்பூர் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு இருவருமாகப் போவது என்று பேசிக்கொண்டோம்.